ஜாமீன் கையெழுத்தும் மொழி வகுப்பும்

 

பொன்விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேச வியாபாரிகளுக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் ஜித்ரா பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாவின் கடைக்கே திரும்பி வந்து தராசு பிடித்தவர்கள். ஆனால் நம் கடைகளின் கல்லாப்பெட்டிப் பக்கம்தான் பிள்ளைகளின் படிவங்கள் வந்து சேருகின்றன. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கிலும் அதுதான் நடக்கிறது. அந்தப் படிவங்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு, நன்றாகத் தேறிய சில பிள்ளைகளுக்குப் பொதுச் சேவைத் துறையிடமிருந்து உபகாரச் சம்பளக் கடிதம் வருகிறது. ஜப்பான், கொரியா, பிரான்ஸ், ஜெர்மனி என்று நாட்டின் பெயரும் அதில் இருக்கும். வீட்டில் உடனே பிரியாணி. அடுத்த மாதமே விமானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விஷயம் அப்படியல்ல. நம் எஸ்.பி.எம். 11 ஆண்டுப் படிப்பு. ஜப்பானியப் பல்கலைக்கழகம் 12 ஆண்டுப் படிப்பைக் கேட்கிறது. மொழியும் தெரியாது. ஆகவே முதலில் இங்கேயே ஆயத்தப் படிப்பு. ஜப்பானுக்குப் போகும் பிள்ளைகளுக்காக 1982இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'அம்பாங் அசுஹான் ஜெப்புன்' இரண்டு ஆண்டு வகுப்பு. கணிதம், இயற்பியல், வேதியியல் பாடங்களையும் ஜப்பானிலிருந்து வரும் ஆசிரியர்கள் ஜப்பானிய மொழியிலேயே நடத்துவார்கள்.

அந்த 1982தான் கிழக்கு நோக்கும் கொள்கை பிறந்த ஆண்டு. அதைக் கொண்டுவந்த பிரதமர் நம் அலோர் ஸ்டார்க்காரர். ஆனால் அரசாங்கச் செலவில் பிள்ளைகளை மொழி படிக்க அனுப்பும் பழக்கம் அதற்கும் மூத்தது. 1943, 1944ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய ராணுவ ஆட்சி மலாயா இளைஞர்கள் சிலரைத் தோக்கியோவுக்கு அனுப்பியது. முதலில் மொழிப்பள்ளி, பிறகுதான் கல்லூரி. பினாங்கைச் சேர்ந்த அப்துல் ரசாக் ஹிரோஷிமாவில் படித்துக்கொண்டிருந்தபோது 1945 ஆகஸ்ட் 6 வந்தது. அணுகுண்டு அவருடன் இருந்த நிக் யூசோப்பையும் சையத் ஓமாரையும் கொண்டுபோனது. அவர் பிழைத்து ஊர் திரும்பினார். பின்னாளில் ஜப்பானிய மொழி ஆசிரியராகி, நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அதே மொழியைக் கற்றுக்கொடுத்தார். 2013இல் காலமானார். பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் குண்டைப் பற்றியே எழுதின. எங்களுக்கு அவருடைய கரும்பலகைதான் பெரிதாகத் தெரிகிறது.

மொழி கடினமா? கடினம்தான். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்திருக்கும் காஞ்சி எழுத்துகள் மட்டும் 2,136. ஆனால் தமிழ்ப்பள்ளியில் படித்த தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. 'வத்தாஷி வா காக்கோ நி இக்கிமாஸ்' என்றால் 'நான் பள்ளிக்குப் போகிறேன்'. வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வருகிறது. நம் 'கு' உருபு நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'நி' நிற்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இந்த வரிசை கிடையாது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்றே எழுதினார். மற்ற அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கியம் அமைக்கப் பிள்ளைக்கு உதவினால் போதும்.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது, தொழுகைக்கு என்ன செய்வாள் என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். ஜப்பானின் முதல் பள்ளிவாசல் கோபே நகரில் 1935இல் எழுந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் இந்திய முஸ்லிம் வியாபாரிகளும் உண்டு. நம்மைப் போன்ற கடைக்காரர்கள் நமக்கு முன்பே அங்கே போய்விட்டார்கள்.

இனி, கசப்பான விஷயத்துக்கு வருகிறோம். ஒப்பந்தத்தில் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளை ஒப்பந்தத்தை மீறினால் அரசாங்கம் அவர்களிடமும் பணத்தைக் கேட்கும். பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லாரி ஓட்டும் ஒருவரின் மகளுக்கு ஜப்பான் கடிதம் வந்தது. ஒரு ஜாமீன் கிடைத்தார். இரண்டாவது ஆளுக்காக அந்த மனிதர் பதினோரு வீட்டுப் படி ஏறினார். "அண்ணே, புள்ள நல்ல புள்ளதான், ஆனா எனக்கும் புள்ளைங்க இருக்கே" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, நம் சங்கத்து ஹாஜியார் ஒருவர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் இப்போது ஜப்பானில் மூன்றாம் ஆண்டு. கையெழுத்து மறுத்தவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஜாமீன் என்றால் என்னவென்று வியாபாரிக்குத் தெரியும்.

ஆனால் நாற்பதாயிரம் வெள்ளிச் சரக்கை வாய்ச்சொல்லை நம்பி இறக்கிக் கொடுக்கிறோமே, எப்படி? வாங்கியவன் கடைக்கு மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறோம். அதே கணக்குத்தான் இங்கேயும். எங்களுக்குத் தெரிந்து தடுமாறிய பிள்ளைகள் எல்லோரும் முதல் இரண்டு ஆண்டு மொழி வகுப்பில்தான் தடுமாறினார்கள். அப்போது அவர்கள் கோலாலம்பூரில்தான் இருக்கிறார்கள், பேருந்து போகும் தூரம். பிள்ளை விடுதியில் வாயைத் திறக்காமல் இருக்கிறது, வீட்டுக்குப் போன் போட்டு "நல்லா இருக்கேன்மா" என்கிறது. போய்ப் பார்த்தால்தான் தெரியும். சரக்கு எடுக்கக் கோலாலம்பூருக்குப் போகும் நாம், மாதத்தில் ஒரு மாலையை அந்த விடுதிக்கு ஒதுக்கினால் ஜாமீன் போட்டவருக்கும் தூக்கம் வரும்.

மாரா உதவி பூமிபுத்ராக்களுக்கானது. பொதுச் சேவைத் துறையின் கதவு எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்த பிறகு, பாடாங் செராய், லூனாஸ் ரப்பர் மரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் ஜப்பானிய, ஜெர்மானியத் தொழிற்சாலைகளின் வாசலிலேயே குடியிருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக உள்ளே போவதா, பொறியாளராகப் போவதா என்பதுதான் கேள்வி.

ஆகவே ஒரு வேண்டுகோள். மண்டப வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில், ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். முதல் பக்கம் ஜாமீன் கையெழுத்துப் போடச் சம்மதிப்பவர்களுக்கு. அடுத்த பக்கம் மாதம் ஒரு முறை விடுதிக்குப் போய் வரக்கூடியவர்களுக்கு. முதல் பக்கத்தில் ஹாஜியாருடைய பெயரோடு இதுவரை நான்கு பெயர்கள் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த மேசை. பேனாவும் அங்கேயே இருக்கிறது.