மாடிப்படி தீர்மானித்த பாடம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாக எமது மண்டபத்தைப் புதுப்பிக்கவும், அருகே மாடி வகுப்பறைத் தொகுதியொன்று கட்டவும் தீர்மானித்திருக்கிறோம். நான் கட்டடப் பொறியியலாளர் என்பதால், வரைபடத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி சங்கம் கேட்டது. அதைப் பார்த்தபோது என்னோடு படித்த ஒருத்தியின் நினைவு வந்தது.

சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கையில், செல் விழுந்து அவள் இரண்டு கால்களையும் இழந்தாள். அடுத்த வருடம் சக்கர நாற்காலியில் வந்து பரீட்சை எழுதினாள். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. ஆனால் உயர்தரத்தில் கலைப்பிரிவிலே சேர்ந்தாள். விஞ்ஞான ஆய்வுகூடங்கள் மேல்மாடியில் இருந்தன. கலைப்பிரிவு கீழே இருந்தது. வேறு காரணம் இல்லை.

தூக்கிக்கொண்டு போக நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். "ஒரு நாளைக்குத் தூக்குவீங்கள். ரண்டு வருஷமும் தூக்குவீங்களோ? பாத்ரூமுக்குப் போகவேணும் எண்டால் ஆரைக் கூப்பிடுறது?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. இதை இங்கே சொல்ல அவளிடம் அனுமதி பெற்றே வந்திருக்கிறேன்.

அப்போது எமக்கு இவை தெரியாது என்று சொல்லலாம். இன்று அப்படிச் சொல்ல இயலாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வெளியாகின. புதிய பொதுக் கட்டடங்கள் மலசலகூடம் உட்பட அவற்றுக்கு அமைய வேண்டுமென 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

இனி எமது வரைபடத்துக்கு வருகிறேன். மண்டப வாசலில் மூன்று படிகள், மொத்தம் 450 மில்லிமீற்றர் உயரம். பக்கத்தில் சாய்தளம் ஒன்று கீறப்பட்டுள்ளது. அதன் நீளம் 2 மீற்றர் மட்டுமே. அதில் ஏறினால் நாற்காலி பின்புறமாகக் கவிழும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதே பொதுவான கணக்கு. எமக்கு 5.4 மீற்றர் வேண்டும். மேலே கதவுக்கு முன்னால் ஒன்றரை மீற்றர் சமதளம் வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போதே நாற்காலி பின்னோக்கி உருளும். இருபுறமும் கைபிடியும், சில்லு விலகாதபடி ஓரக்கட்டும் அவசியம்.

மலசலகூடக் கதவு திறந்த நிலையில் 800 மில்லிமீற்றராவது இடைவெளி தரவேண்டும். 900 இருந்தால் நல்லது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருத்தி விழுந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவை அவளது உடலே தடுத்துவிடும். நாற்காலி திரும்ப ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள வெற்றிடம் தேவை. அந்த இடத்தில் பின்னர் தும்புத்தடியும் வாளியும் வைக்கக் கூடாது!

படலையிலிருந்து மண்டபம் வரை மணல். முன் சில்லு புதையும். கொங்கிறீற் பாதை போட வேண்டும். மேடைக்கும் சாய்தளம் தேவை. பரிசு பெறும் பிள்ளை கீழே காத்திருக்க, பிரதம விருந்தினர் இறங்கிவரும்படி ஆகக் கூடாது.

மின்தூக்கிக்குப் பணம் போதாது என்கிறார்கள். அது உண்மையே. அப்படியானால் ஆய்வுகூடங்களையும் நூலகத்தையும் கீழ்த்தளத்தில் அமைப்போம். வகுப்பறைகள் மேலே போகட்டும். தேவைப்படும் வருடத்தில் ஒரு வகுப்பைக் கீழே மாற்றுவது அதிபருக்கு ஒரு நாள் வேலை. ஆய்வுகூடத்தை அப்படி மாற்ற இயலாது.

அத்திவாரம் வெட்டுமுன் இவற்றைத் திருத்துவதற்குப் பெரிய செலவில்லை. கட்டியபின் உடைப்பதற்குத்தான் செலவு. எனவே நிதி தரும் எல்லாக் கிளைகளிடமும் ஒரு வேண்டுகோள்: திருத்திய வரைபடத்தைக் கண்ட பின்னரே பணத்தை அனுப்புங்கள். அதை என்னோடு சேர்ந்து பரிசீலிக்க என் தோழியும் சம்மதித்திருக்கிறாள்.

இன்று எம் முன்னால் இருக்கும் ஆசிரியைகள் சிலரை நாமே கைபிடித்து ஏற்றி வந்தோம். நாளை எம்மையும் யாரோ ஏற்றவேண்டி வரும். ஆனால் எனது கவலை எம்மைப் பற்றியதல்ல. இனி இங்கே வரும் எந்தப் பிள்ளையும் தனது பாடத்தை மாடிப்படியைப் பார்த்துத் தெரிவுசெய்யக் கூடாது.