குப்பையில் ஒரு சேமிப்புக் கணக்கு
(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது)



முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வரவு செலவு எழுதிய கை. சும்மா இருக்காது. எங்கள் வீட்டுச் சமையலறைக் கழிவை ஒரு மாதம் தினமும் எடை போட்டேன். இரண்டே பேர், நாளுக்குச் சுமார் 600 கிராம். வருஷத்துக்கு 219 கிலோ! உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இது எங்கே போகிறது? சென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். காய்கறித் தோல் காற்றில்லாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் வாயு வரும், அது தீப்பிடிக்கும். காற்றோடு மக்கினால் அதே தோல் உரம்.

செய்முறை எளிது. 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியிலும் பக்கத்திலும் துளை போடுங்கள். இரண்டு செங்கல் மேல் வைத்து, கீழே ஒரு தட்டு. அடியில் இரண்டு அங்குலம் காய்ந்த இலை. தினமும் கழிவைப் பொடியாக நறுக்கிப் போட்டு, அதே அளவு காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ மேலே தூவி மூடுங்கள். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறினால் போதும்.

பச்சைக் கழிவில் தழைச்சத்து அதிகம்; காய்ந்த இலையில் கரிமம் அதிகம். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

"நாற்றம் வருமே, பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்களே" என்பதுதான் எல்லோருடைய பயமும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காய்ந்த இலையைக் கூட்டிக் கிளறுங்கள், அடங்கிவிடும். எறும்பு வந்தால் ஈரம் குறைவு, தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், மீந்த குழம்பு வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு வாளி நிறைய மூன்று வாரம். மக்க இரண்டு மாதம். ஆகவே நான்கு வாளி இருந்தால் சுழற்சி நிற்காது. முதல் மழையின் மண் வாசனை வந்தால் உரம் தயார். சலித்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலந்தால் கத்தரி, தக்காளி, மல்லிகை எல்லாம் கேட்காமலே தலையெடுக்கும்.

கடைசியாக ஒன்று. குப்பையைத் தரம் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. சட்டம் கிடக்கட்டும். காலையில் நம் வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா, சாம்பாரும் உடைந்த கண்ணாடியும் கலந்த பையில் கையை விட்டுப் பிரிக்கிறார். ஈரக் கழிவு நம் வாளியிலேயே தங்கிவிட்டால், அந்தக் கைக்கு வேலையும் குறையும், காயமும் குறையும்.

சங்கத்திடம் ஒரே வேண்டுகோள்: பின்புறம் உதிரும் வேப்பிலை, புங்க இலையைக் கொளுத்தாமல் மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். இலை சங்கத்தின் முதலீடு, தோல் நம்முடையது. முதலில் பத்து வீடுகள் சேருங்கள். துளை போடும் கருவி என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை வாளியோடு வாருங்கள்.