போர் போட்டதோடு தர்மம் முடிந்துவிடாது
(குடும்ப நலக் கூட்டத்தில் நமது டிரஸ்ட் சார்பில் ஆற்றிய உரை)





மதீனாவில் ரூமா கிணற்றை விலைகொடுத்து வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் மறைந்த பெற்றோர் பெயரில் ஆரணியிலும் சுற்றுக் கிராமங்களிலும் போர் போட்டு, தொட்டி வைத்துக் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கல்லில் பெயர் பொறித்த பிறகு, அந்தத் தண்ணீரை ஒருமுறையாவது சோதித்தோமா? மற்றவர்களைக் கேட்கும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம்.

தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. கனடாவில் வாக்கர்டன் என்று சுமார் 5,000 பேர் வாழும் சிற்றூர் இருக்கிறது. நம் ஊர்களைப் போல அங்கும் கிணற்று நீர்தான். 2000 மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச் சாணத்தின் கிருமி ஒரு கிணற்றில் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். 2,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். குளோரின் போட வேண்டியவர்கள் சரியாகப் போடவில்லை. ஆனால் நோட்டில் மட்டும் போட்டதாக எழுதிவைத்திருந்தார்கள். பணக்கார நாட்டிலேயே இந்த நிலை!

கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். உரத்தாலும் சாக்கடையாலும் சேரும் நைட்ரேட்டும், பாறையிலிருந்து கரையும் புளோரைடும் கொதித்தாலும் போகாது. லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராமையும், புளோரைடு 1.5 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. நைட்ரேட் மிகுந்த நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. புளோரைடு மிகுந்தால் பல்லும் எலும்பும் கெடும். இவற்றைச் சோதனை மட்டுமே காட்டும்.

தறியில் ஓர் இழை அறுந்தாலும் நிறுத்தி, முடிபோட்ட பிறகுதானே மேலே நெய்கிறோம்? பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் அந்தக் கவனம் வேண்டாமா?

ஊராட்சித் தொட்டியைக் கழுவுவதும் குளோரின் கலப்பதும் தொட்டி இயக்குபவரின் பொறுப்பு. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. கிராமத்தில் இருப்பவர்கள் மார்ச் 22 கிராம சபையில் சோதனை முடிவைக் கேளுங்கள். கேட்பது சண்டை அல்ல, நமது உரிமை.

ஆனால் நாம் போட்ட போருக்கு நாம்தான் பொறுப்பு. அது நம்மிடம் உள்ள அமானிதம். ஆகவே மூன்று காரியங்களைச் செய்ய முடிவெடுத்திருக்கிறோம். மழைக்கு முன்னும் பின்னும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நீரைச் சோதிப்போம். தொட்டி கழுவிய தேதியையும் சோதனை முடிவையும் பெயர்க்கல்லுக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்போம். நீர் தேறாவிட்டால், சரியாகும்வரை குடிக்கக் கொடுக்காமல் குழாயை மூடுவோம்.

இனி போர் போட நன்கொடை தருபவர்கள், சோதனைச் செலவுக்கும் சேர்த்துத் தாருங்கள். தண்ணீர் நன்றாக இருக்கும்வரைதான் அந்தத் தர்மமும் ஓடிக்கொண்டிருக்கும். அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.