இளஞ்சிவப்பு நோட்டுப் புத்தகம்

பதினாறு வயது கேடி ஹெரான் அதுவரை பள்ளிக்கூடத்தில் படித்ததே இல்லை. பெற்றோரோடு ஆப்பிரிக்காவில் வளர்ந்தவள், வீட்டிலேயே பாடம் படித்தவள். அமெரிக்காவுக்குத் திரும்பி ஒரு பெரிய உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்த முதல் நாள், எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் சாப்பாட்டுத் தட்டோடு கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். 2004ல் மார்க் வாட்டர்ஸ் இயக்கிய 'மீன் கேர்ள்ஸ்' நகைச்சுவைப் படத்தில் இந்தக் காட்சிக்குத் திரையரங்கம் சிரித்தது.

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துப் பெற்றோருக்கு அவ்வளவு சிரிப்பு வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை 150ஐத் தொடுவதில்லை. அங்கே ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். ஆறாம் ஆண்டு முடிந்ததும் அதே பிள்ளை படிவம் 1க்கோ புகுமுக வகுப்புக்கோ பேருந்து ஏறி, மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. முதல் சில மாதங்களில் பாடம்கூட அதற்குப் பெரிய பாரமில்லை. ஓய்வு நேரத்தில் யாரோடு நிற்பது என்பதுதான் பாரம்.

பொய் அங்கேதான் முளைக்கிறது. கேடிக்குக் கணக்கு நன்றாக வரும். பிடித்த பையன் சொல்லித்தர வேண்டுமென்று வராததுபோல் நடிக்கிறாள். பள்ளியையே ஆட்டிவைக்கும் ரெஜினாவின் கூட்டத்துக்குள் வேவு பார்க்க நுழைகிறாள், கடைசியில் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகவே ஆகிவிடுகிறாள். அவர்களிடம் ஓர் இளஞ்சிவப்பு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பள்ளியில் உள்ள ஒவ்வொருத்தியைப் பற்றியும் அதில் ஏதாவது அவதூறு எழுதியிருக்கும். கணக்கு ஆசிரியை போதைப்பொருள் விற்கிறார் என்று கேடி அதில் சேர்க்கும் ஒரு வரி, பிறகு போலீஸ் விசாரணையில் போய் நிற்கிறது.

திரைக்கதையை எழுதியவர் டீனா ஃபே. அந்த ஆசிரியையாக நடித்தவரும் அவரே. அவர் எடுத்துக்கொண்ட மூலம் நாவல் அல்ல. 2002ல் ரோசலிண்ட் வைஸ்மன் பெற்றோருக்காக எழுதிய ஓர் ஆலோசனை நூல்.

பெரியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ரெஜினா தன்னைப் பற்றியும் ஓர் ஏச்சை அந்த நோட்டில் தானே எழுதி, அதைக் கொண்டுபோய் முதல்வரிடம் கொடுக்கிறாள். பழி யாருடைய பெயர் நோட்டில் இல்லையோ அவர்கள்மேல் விழுகிறது. "யார் முதலில் கிளப்பியது?" என்று துருவும் வீட்டிலும் பள்ளியிலும் இப்படித்தான் நடக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை தப்பித்துக்கொள்ளும், வாய் பேசத் தெரியாத பிள்ளை மாட்டிக்கொள்ளும். அதைவிட, "நீ கண்ணால் பார்த்தாயா? யாருக்கெல்லாம் அனுப்பினாய்?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே கேட்பது மேல்.

பெஸ்தாரி ஜெயா பக்கத்துக்கு வதந்தி புதிதில்லை. 1917ல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தென்னமராமில் உருவான காலத்துக்கும் முன்பிருந்தே, பால்மரத் தோட்டங்களின் லயங்களில் பேச்சு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடியது. ஆனால் புறம் பேசியவரும் பேசப்பட்டவரும் மறுநாள் அதே பைப்படியில் குடத்தோடு நிற்க வேண்டும். முகம் பார்த்தாக வேண்டிய அந்த நிர்ப்பந்தம் நாக்கைக் கொஞ்சமாவது கட்டியது. கைப்பேசிக்கு அந்தப் பைப்படி இல்லை.

2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அலசி, 2018ல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்தது. பலமுறை பகிரப்பட்ட தகவலை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020ல் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. மலேசியாவில் செய்தியைச் சரிபார்க்க 'செபெனார்ஞா' தளம் 2017 முதல் இருக்கிறது. ஆனால் வகுப்புத் தோழியைப் பற்றிய பேச்சை எந்தத் தளமும் சரிபார்த்துத் தராது.

2024 ஜூலையில் டிக்டாக்கில் அறியப்பட்ட மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர் இணைய வசைக்கு ஆளாகி உயிரிழந்தார். வசைபாடிய ஒருவருக்கு அப்போதைய சட்டப்படி கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். சமூகம் கொதித்தது. அதன்பின் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கெதிரான புதிய பிரிவுகள் சேர்ந்து, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. கைப்பேசி வாங்கிக் கொடுக்கும் அன்றே இதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுவது பெற்றோரின் கடமை. பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால், பள்ளிக்குப் போக மறுத்தால், காரணம் கேட்டு உட்கார வேண்டும். வீட்டில் பேச முடியாத பிள்ளைக்கு 15999 என்ற தாலியான் காசே உதவி எண் தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டம் கூட்டமாகப் பிரிந்துவிட்ட பிள்ளைகளைச் சேர்த்துவைக்க அறிவுரை அதிகம் உதவாது. 1954ல் ஓக்லஹோமாவில் ஒரு முகாமில் 22 சிறுவர்களை உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் இரண்டு அணியாகப் பிரித்தார். போட்டி சண்டையாக முற்றியது. ஒன்றாக உட்காரவைத்தபோது சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். முகாமுக்குத் தண்ணீர் நின்றபோது, எல்லாரும் சேர்ந்து காரணத்தைத் தேட வேண்டி வந்தது. அதுபோன்ற பொதுவேலைகள் அடுத்தடுத்து வரவர பகை தணிந்தது. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலை இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளிடமும் சேர்த்து ஒப்படைப்பது தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கைவந்த வேலை.

'மீன் கேர்ள்ஸ்' படத்தைப் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பெற்றோர் சேர்ந்து பார்க்கலாம். அதில் அந்தக் கணக்கு ஆசிரியை மாணவிகளை உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டி, தோழியைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் கை தூக்கச் சொல்கிறார். அத்தனை கைகளும் எழுகின்றன. அம்மாவோ அப்பாவோ படத்தை அங்கே நிறுத்தி, பிள்ளைக்கு முன்பாகத் தம் கையைத் தூக்கட்டும்.