ஏரியை உடைத்துச் சேமித்த தண்ணீர்

தண்ணீரைச் சேமிக்க ஏரி வெட்டுவார்கள். ஏரியை உடைத்தே தண்ணீரைச் சேமித்தவர்களும் உண்டு, தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பெனல்லா ஊருக்குப் பக்கத்தில் வின்டன் என்றொரு சதுப்புநிலம். மழை பெய்தால் நிறையும், கோடையில் வற்றும். பாசனத்துக்காக 1971-இல் அங்கே கரை கட்டி, மோகோவான் ஏரியை உண்டாக்கினார்கள்.

பரப்போ பெரிது, ஆழமோ குறைவு. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி, வெயில் குடித்தது போக மிச்சம்தான் வயலுக்கு! 'ரெட் கம்' என்ற தைலமர வகைக்கு அவ்வப்போது வெள்ளம் வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் நீரிலேயே நின்றால் தாங்காது. ஏரிக்குள் நின்ற அந்த மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. நீலப்பச்சைப் பாசி வேறு படர்ந்து தண்ணீரைக் கெடுத்தது.

2004-இல் ஏரியையே கைவிட அரசு முடிவெடுத்தது. 2010 வாக்கில் கரையைத் திறந்துவிட்டார்கள். ஆவியாகிக்கொண்டிருந்த நீர் மிச்சமாயிற்று. ஸ்னோயி, முர்ரே ஆறுகளுக்கும் அதில் பங்கு கிடைத்தது. வின்டன் மறுபடி நிறைந்து வற்றும் சதுப்புநிலமானது. அங்கே இன்றும் மறுசீரமைப்பு வேலை நடக்கிறது.

ஏரி எவ்வளவு கொள்ளும் என்று மட்டும் கேட்டால் போதாது. வெயிலுக்கு எவ்வளவு போகும் என்றும் கேட்க வேண்டும்.