ரங்கத்திலிருந்து பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம்?



புத்தாண்டு பிறக்கும்போது பல்கலைக்கழகங்கள் தம்மைச் சார்ந்தோர்க்குச் செய்தி விடுப்பது வழக்கம். சென்ற ஆண்டில் எத்தனை கட்டடங்கள் எழுந்தன, எந்தெந்தத் துறைகள் தொடங்கப்பெற்றன, எந்தெந்த நிறுவனங்களோடு கூட்டுறவு ஏற்பட்டது என்பனவற்றை அச்செய்திகள் எடுத்துரைக்கும். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நீங்கள் அத்தகைய செய்திகளை ஆண்டுதோறும் கேட்டிருப்பீர்கள். இடை அந்தமானில் ரங்கத் என்னும் சிற்றூரில் வாழும் தமிழர்களாகிய நாங்களும் கேட்கின்றோம். கேட்கும்தோறும் எங்கள் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. வளர்ந்துவிட்டதாகச் சொல்லப்படும் அந்தப் பல்கலைக்கழகம் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது? இன்றைய பேச்சு அவ்வினாவைப் பற்றியதேயாகும்.

முதற்கண் எங்கள் ஊரை உங்களுக்கு அறிமுகம் செய்தல் வேண்டும். தீவுகளின் தலைநகர் போர்ட் பிளேயர் என்று நீண்ட காலம் வழங்கப்பெற்றது. 2024-ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து வடக்கு நோக்கி அந்தமான் பெருவழிச் சாலையில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வந்தால் ரங்கத்தை அடையலாம். இன்னும் 70 கிலோமீட்டர் வடக்கே சென்றால் எங்கள் மாவட்டத் தலைநகராகிய மாயாபந்தர். 1950-களில் காடு திருத்திக் குடியேற்றங்கள் அமைக்கப்பட்டபோது, கிழக்கு வங்கத்திலிருந்து ஏதிலிகளாக வந்தோர் இப்பகுதியில் நிலம் பெற்றனர். மர வேலைக்கும் சாலை வேலைக்கும் வாணிகத்திற்கும் மீன்பிடித் தொழிலுக்குமாகத் தமிழர்கள் வந்து சேர்ந்தனர். எங்களைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களைக் கேட்டால் வியப்பீர்கள்: பஞ்சவடி, பர்ணசாலை, மிதிலா, ஜனக்பூர், தசரத்பூர், சபரி. இராமகாதையின் பெயர்களைத் தாங்கிய இவ்வூர்களில் வங்க மொழியும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கின்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளின் மொத்த மக்கள் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

இத்தகைய தீவுகளுக்குக் கல்லூரிக் கல்வி எவ்வாறு வந்தது என்பதைச் சற்றே நோக்குவோம். 1967-ஆம் ஆண்டில் தலைநகரில் அரசுக் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. அதுவே இன்று ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா என வழங்குவது. தொடக்க நாட்களில் அக்கல்லூரி சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. வங்கக் கடலின் நடுவே படித்த மாணவனுக்கு இமயத்தின் அடிவாரத்திலிருந்து பட்டம் வந்தது! 1985-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் புதுவையில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் தோன்றியது. அச்சட்டம் புதுச்சேரியோடு இலட்சத்தீவுகளையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் அதன் ஆட்சி எல்லைக்குள் சேர்த்தது. அதன் பயனாகத் தீவுக் கல்லூரிகள் தமிழ் வழங்கும் ஒரு நிலத்தின் பல்கலைக்கழகத்தோடு உறவு கொண்டன. ஐந்நூறு காதம் தள்ளியிருந்தவர் அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது போல் அன்று தமிழ்க் குடும்பங்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. எனினும் அடுத்த தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடந்தது. சென்னையிலிருந்து கப்பலேறினால் தீவுத் தலைநகரைக் காண மூன்று நாட்கள் ஆகும்.

அதன்பின் வளர்ச்சி படிப்படியாக வந்தது. 1990-இல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி நிறுவப்பெற்றது. வட அந்தமானுக்கும் இடை அந்தமானுக்கும் அதுவே முதல் கல்லூரி. 1999-இல் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் கடலைக் கடந்து வந்து, தலைநகரில் பெருங்கடல் ஆய்வு, கடல் உயிரியல் துறையைத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வட அந்தமானில் கடலடியில் கிடந்த பவளத் திட்டுகள் நீருக்கு மேல் எழுந்தன. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியாகிய இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அத்துயரத்திற்குப் பின்னர், பேரிடர்களை எதிர்கொள்ளும் முறைகளைக் கற்பிக்கும் துறையும் அதே வளாகத்தில் அமைந்தது. 2015-இல் தீவுகளின் முதல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. பொறியியலுக்கும் சட்டத்திற்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் இன்று கல்லூரிகள் உள்ளன.

இவையனைத்தும் நற்செய்திகளே. ஆயினும் இக்கல்விக்கூடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். மாயாபந்தர்க் கல்லூரி ஒன்றைத் தவிர, நாம் மேலே கூறிய யாவும் தலைநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே அமைந்திருக்கக் காண்பீர்கள். ரங்கத்தில் பள்ளி இறுதி வகுப்பை முடித்த ஒரு மாணவி மருத்துவமோ பொறியியலோ சட்டமோ படிக்க விரும்பினால் தெற்கே 170 கிலோமீட்டர் செல்லல் வேண்டும். அவ்வழி ஜாரவா பழங்குடியினரின் காப்பு நிலத்தினூடே செல்வது. அங்கே வண்டிகள் குறித்த வேளைகளில், காவலர் துணையோடு, அணியாகவே செல்ல இசைவுண்டு. அம்மக்களின் நலன் கருதி ஏற்பட்ட அக்கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் நாள்தோறும் சென்று திரும்பிப் படிக்கும் எண்ணத்தை மாணவி கைவிட நேர்கின்றது. கலை, அறிவியல் பாடங்களுக்காக மாயாபந்தர் செல்லலாமென்றாலும் போக 70, வர 70 என்று நாளொன்றுக்கு 140 கிலோமீட்டர் ஆகின்றது. ஆகவே கல்லூரியில் இடம் கிடைத்ததும் எங்கள் வீடுகளில் எழும் அடுத்த கேள்வி விடுதியில் இடம் கிடைக்குமா என்பதே. கிடைத்தால் மகள் படிக்கிறாள். கிடைக்காவிட்டால், தமையன் படிக்கட்டும், தங்கை வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்யும் குடும்பங்களும் உண்டு. ஒரு விடுதி அறை ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதை நாங்கள் கண்முன் காண்கின்றோம்.

பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியைக் கட்டடங்களின் எண்ணிக்கையால் அளப்பவர்கள் உளர். மாணவர் தொகையால் அளப்பவர்களும் உளர். நாங்கள் கொண்டுள்ள அளவுகோல் எளியது. தொலைவில் உள்ள ஊரின் ஏழைக் குழந்தை பட்டம் பெறுவதற்கு வீட்டைவிட்டு எத்தனை கிலோமீட்டர் செல்ல வேண்டியிருக்கிறது? அத்தொலைவு குறையுமானால் பல்கலைக்கழகம் வளர்ந்தது என்று பொருள்.

இவ்வளவுகோலால் பார்த்தால், அண்மைக் காலத்தின் பெரிய வளர்ச்சி கடலடியில் நிகழ்ந்தது எனலாம். 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழைக் கம்பிவடம் பயன்பாட்டிற்கு வந்தது. அதுவரை எங்கள் இணையத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. விரைவு குறைவு, செலவு மிகுதி. கடலடி வடம் தலைநகரோடு நிற்கவில்லை. ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றோடு ரங்கத்தையும் அது தொட்டது. சென்னைக் கடற்கரையில் புறப்படும் ஒளி, கண் இமைக்கும் நேரத்திற்குள் எங்கள் ஊரை வந்தடைகின்றது. கப்பலுக்கு மூன்று நாட்களாகும் வழியன்றோ அது!

ஆயினும் கம்பிவடம் வந்ததனாலேயே கல்வி வந்துவிட்டதாகாது. வாய்க்கால் வெட்டியாயிற்று, தண்ணீர் விடுவோர் வேண்டும். சென்னையிலோ புதுவையிலோ நிகழும் விரிவுரையை ரங்கத்திலுள்ள ஒரு கூடத்தில் இருபது மாணவர்கள் ஒருங்கே அமர்ந்து கேட்க வேண்டும்; ஐயம் கேட்க ஓர் ஆசிரியர் உடனிருக்க வேண்டும்; நூலகமும் தேர்வு மையமும் அருகில் இருத்தல் வேண்டும். இவை கூடினால் ரங்கத்தில் ஒரு வளாகம் முளைவிட்டது எனலாம். செங்கல்லும் சிமென்டும் பின்னர் வரட்டும்.

கூட்டுறவு என்னும் சொல்லையும் இவ்விடத்தில் கருதுதல் தகும். பெரிய பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்துகொள்வதைச் செய்தித்தாள்களில் படிக்கின்றோம். எங்கள் தீவுகளிலோ கூட்டாளிகள் வாசலிலேயே இருக்கின்றார்கள். 1978-இல் தோன்றிய மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ளது. தாவரவியல், விலங்கியல் மதிப்பாய்வுத் துறைகளின் கிளைகளும் இங்குள்ளன. ரங்கத்திற்கு அருகே கத்பர்ட் விரிகுடாவின் மணற்கரையில் பனிக்காலத்தில் கடலாமைகள் ஏறி வந்து முட்டையிடுகின்றன. தானிநல்லாவில் அலையாத்திக் காடு செழித்திருக்கின்றது. கடல் உயிரியல் படிப்போர் நூலில் காண்பவற்றை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வழியில் காண்கின்றார்கள். இவ்விடத்தில் ஆய்வுக்கூடம் ஒன்று அமையுமானால், ஆராய்ச்சியாளர்க்கு வழிகாட்டியாகச் செல்லும் மீனவரின் மகன் ஒருநாள் தானே ஆராய்ச்சியாளனாவான்.

தீவுகளுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் கோரிக்கை நெடுநாளையது. அது மத்தியப் பல்கலைக்கழகமாக அமைதல் வேண்டுமா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அமைதல் வேண்டுமா என்பது பற்றி அண்மை ஆண்டுகளில் மாணவரிடையே விவாதம் எழுந்தது. பெயர் எதுவாயினும், அது ஒரே ஊரில் குவிந்துவிடக் கூடாது என்பதே எங்கள் விண்ணப்பம். உலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் பல்கலைக்கழகம் 1948-இல் ஜமைக்காவில் 33 மருத்துவ மாணவர்களோடு தொடங்கியது. பின்னர் டிரினிடாடிலும் பார்படோசிலும் வளாகங்களைக் கண்டது. 1968-இல் பிஜித் தீவின் சுவா நகரில் தொடங்கிய தென்பசிபிக் பல்கலைக்கழகமோ 12 நாடுகளின் பொதுச் சொத்தாகும். பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் அந்நாடுகளை இணைக்க, 1970-களிலேயே அது செயற்கைக்கோள் வழியாகப் பாடம் நடத்தியது. 1903 முதல் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் இன்று தம் நாட்டிலேயே பட்டம் பெற வழியுண்டு. சிறு தீவுகளால் இயன்றது நமக்கு இயலாதா?

இன்னும் ஒன்று. தீவுகளின் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம், இந்தி, வங்கம் ஆகியவற்றோடு தமிழ் வழியிலும் கற்பிக்கும் பிரிவுகள் உண்டு. அவ்வழியில் பயின்ற பிள்ளை கல்லூரியின் முதலாண்டில் ஆங்கில விரிவுரை கேட்டுத் திகைத்து நிற்கின்றது. அறிவுக் குறைவன்று, சொற்கள் பழகாமையே காரணம். முதலாண்டின் முதல் மூன்று திங்களில் துறைச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணைத்துச் சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்தால் போதும்; அப்பிள்ளை தானே நடக்கத் தொடங்கிவிடும். தாய்மொழியைப் படகாகக் கொண்டு பிறமொழிக் கரை சேர்வதில் இழுக்கு ஏதுமில்லை.

இனி, பிற மாநிலங்களில் வாழும் நேயர்களாகிய உங்களிடம் வருகின்றோம். நீங்களும் எம்மைப் போலவே பிறந்த மண்ணைவிட்டு வந்து, பிறமொழியினரிடையே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். விடுதியின் அருமையும் முதலாண்டுத் திகைப்பும் நீங்கள் அறியாதவை அல்ல. உங்கள் நகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் உள்ளன. அவை பொங்கல் விழாவும் புத்தாண்டு விழாவும் சிறப்பாக நடத்துகின்றன. அவ்விழாக்களின் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், தீவிலிருந்து மேற்படிப்புக்காக உங்கள் நகரத்திற்கு வரும் மாணவர்க்கு முதல் மாதம் தங்க இடம் தரலாம். உங்களுள் ஆசிரியராக இருப்போர், கிழமைக்கு ஒரு மணி நேரம் இணையத்தின் வாயிலாக எங்கள் பிள்ளைகளுக்குத் துறைச் சொற்களைக் கற்பிக்கலாம். கடலடியில் வந்த அந்த ஒளியிழை உங்கள் குரலையும் சுமந்து வரக் காத்திருக்கின்றது. அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியவை பெரியவை. அவற்றை நாங்கள் தொடர்ந்து கேட்போம். நாம் செய்யக்கூடியவை சிறியவை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தில் குழந்தையும் கை வைப்பதில்லையா?

அடுத்த புத்தாண்டிலும் பல்கலைக்கழகங்கள் செய்தி விடுக்கும். கட்டடங்களைக் கணக்கிடட்டும், உடன்படிக்கைகளை எண்ணட்டும், மகிழ்வோம். அவற்றோடு, ரங்கத்திலும் அதுபோன்ற தொலைவூர்களிலும் பள்ளி முடித்த பெண்களுள் எத்தனை பேர் படிப்பைத் தொடர்ந்தனர் என்னும் கணக்கும் சேருமானால், அதுவே எங்கள் வீடுகளில் உரக்கப் படிக்கப்படும் செய்தியாக இருக்கும்.