எண்ணெய் வாங்குவோர் கடமை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எண்ணெயைப் பற்றிப் பேச இத்துணைப் பெரிய மேடை வேண்டுமா எனச் சிலர் நினைக்கலாம். ஆயினும் நம் அடுக்களையிலுள்ள எண்ணெய்ப் போத்தலுக்கும் கடல் கடந்த போர்னியோத் தீவின் காட்டுக்கும் தொடர்பு உண்டு. அதனையே இன்று எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுகின்றேன். பாம் எண்ணெய் என்றதும் நமது வடபகுதிப் பனையை நினைத்தல் தவறு. இது வேறு மரம். மலேசியத் தமிழர் இதனைச் செம்பனை என்பர். நமது தோட்டப் பகுதி மக்கள் முள்ளுத்தேங்காய் என்பர். இதன் தாயகம் மேற்கு ஆபிரிக்கா. 1848இல் யாவாத் தீவின் போகோர்ப் பூங்காவிலே நான்கு கன்றுகள் நடப்பட்டன. 1917இல் மலாயாவின் சிலாங்கூரிலே வாணிகத் தோட்டம் தோன்றியது. இன்று உலகின் பாம் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் உண்டாகின்றது. பிஸ்கற்று, மாஜரீன், சொக்கிளேற்று, நூடில்ஸ், சவர்க்காரம் என நாள்தோறும் நாம் கைதொடும் பொருள்கள் பலவற்றில் அது கலந்துள்ளது.

இதனால் வந்த கேடு யாது? சுமாத்திராவிலும் போர்னியோவிலும் பெருங்காடுகள் அழிந்தன. அக்காடுகளே ஒராங்குட்டான் குரங்குகளின் வீடு. சுமாத்திராவில் 2017இல் தனி இனமென அறியப்பட்ட தப்பானூலி ஒராங்குட்டான்களில் எண்ணூறுக்குக் குறைவானவையே எஞ்சியுள்ளன. இன்னும், இலைதழை மக்கிப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த சதுப்பு நிலங்களை வாய்க்கால் வெட்டி வடித்தார்கள். காய்ந்த அந்நிலத்திலே தீப்பற்றினால் அது மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கிற் புகைந்து கொண்டிருக்கும். 1997இலும் 2015இலும் அப்புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. குழந்தைகளும் முதியோரும் மூச்சுவிட வருந்தினர்.

அப்படியாயின் இவ்வெண்ணெயை அடியோடு விலக்கிவிடலாமே என நீங்கள் கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. ஒரே அளவு எண்ணெயைப் பெற, ஏனைய எண்ணெய்ப் பயிர்களுக்குச் செம்பனையைப்போல ஒன்பது மடங்கு வரை நிலம் வேண்டும் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. நாம் சோயா எண்ணெய்க்கு மாறினால் அழிவு போர்னியோவை விட்டுத் தென்னமெரிக்கக் காட்டுக்குக் குடிபெயரும், அவ்வளவே. அன்றியும் இந்தோனேசியச் செம்பனை நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு சிறு விவசாயிகள் கையில் உள்ளது. கண்ணை மூடிக்கொண்டு விலக்கினால் முதலில் வாடுவது அவர் வயிறே.

நமது நாட்டிலும் 2021 ஏப்ரலில் அரசாங்கம் பாம் எண்ணெய் இறக்குமதியையும் புதிய செம்பனை நடுகையையும் தடைசெய்தது. இறக்குமதித் தடை பின்னர்த் தளர்த்தப்பட்டது. தேவை இருக்கும்வரை தடை மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று.

ஒன்று, பார்த்து வாங்குதல். "தாவர எண்ணெய்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த எண்ணெய் என நாம் அறியோம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல் உணவுப் பொதிகளில் எண்ணெயின் பெயரைக் குறித்தாக வேண்டும். நாமும் அதனைக் கேட்டல் வேண்டும்.

இரண்டு, நல்வழியில் விளைந்ததைக் கேட்டு வாங்குதல். 2004இல் நிறுவப்பட்ட ஆர்.எஸ்.பி.ஓ. என்னும் அமைப்பு, விதிகளுக்கு அமைந்த தோட்டங்களுக்குச் சான்று வழங்குகின்றது. காட்டை அழித்துப் புதுத் தோட்டம் இடலாகாது என்ற விதியை 2018இல் அது உறுதிப்படுத்தியது. சான்று பெற்ற தோட்டங்களிலும் குறைகள் எழுந்ததுண்டு, மறுக்கவில்லை. எனினும் கேட்போர் பெருகினாலன்றி விதிகள் இறுகமாட்டா. இங்கிலாந்தின் செஸ்ரர் நகரில் உணவுச்சாலைகளும் பள்ளிகளும் ஒன்றுகூடி இத்தகைய எண்ணெய்க்கு மாற, அந்நகர் 2019இல் அவ்வகையில் உலகின் முதல் நகரெனப் பெயர் பெற்றது. அம்முயற்சியைத் தொடங்கியது அரசன்று, ஒரு மிருகக்காட்சிச்சாலை!

மூன்று, அளவோடு பயன்படுத்தல். பொதியில் அடைத்த தின்பண்டத்தைக் குறைத்தால் உடலுக்கும் நலம், காட்டுக்கும் நலம்.

இளைஞர்களே! இம்மேடையை விட்டிறங்கியதும் இது மறந்து போகலாகாது. அடுத்த விழாவுக்குச் சிற்றுண்டி வாங்கச் செல்லும்போது கடைக்காரரிடம், "இதில் என்ன எண்ணெய்? எங்கிருந்து வந்தது?" என்று வினவுங்கள். அவர் சிரிக்கலாம். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பு அடங்கும். நூறு பேர் கேட்டால் அவரே மொத்த வியாபாரியிடம் கேட்பார். வாங்குவோன் கையிலுள்ள காசு சிறிது. அதன் பின்னுள்ள கடமை பெரிது.